அமெரிக்கத் தேர்தலுக்கு ஒரு பூசை

எங்கள் பங்குக் கோயிலில் பரீட்சைக்குப் பூசை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பித்தப்பைக் கல்லுக்குக் கொடுத்திருக்கிறார்கள், காணாமல் போன கறவை மாட்டுக்குக்கூட ஒருவர் கொடுத்தார். அமெரிக்கத் தேர்தலுக்குப் பூசை எழுதிக் கொடுத்தவள் நான் ஒருத்திதான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். எனக்கு அதைப் பற்றி வெட்கமில்லை, வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது.

என் பெயர் லூர்துசெல்வி. ஏற்காட்டில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் பையன்கள் ஹாஸ்டலுக்கு வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் நாகலூரில் இன்றைக்கும் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வார்டனம்மாதான். வீட்டுக்காரர் ஆரோக்கியதாஸ் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. ஒரே பையன் ஸ்டெபின். எட்டு வருஷமாக அமெரிக்காவில், ஒஹாயோ என்கிற மாநிலத்தில் கம்ப்யூட்டர் வேலை. வயது முப்பத்து மூன்று. கல்யாணப் பேச்சை எடுத்தால் விசா ஒரு நிலைக்கு வரட்டும் என்பான். அப்பா சாவுக்கு வந்தவன் பத்தாம் நாள் கிளம்பினான், அதன் பிறகு வரவில்லை. வந்தால் திரும்பிப் போக சென்னையில் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த வேண்டும், அதற்குத் தேதி கிடைக்காது என்று ஏதேதோ சொல்வான்.

போன முறை அங்கே தேர்தல் வந்தபோது நான் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த நாட்டுக்காரனே பார்த்திருக்க மாட்டான். எங்கள் ஊர் வார்டு மெம்பர் யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். பென்சில்வேனியா மாநிலத்துக்கு எத்தனை தேர்வாளர் ஓட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பத்தொன்பது என்பேன். ஜெயிக்க இருநூற்று எழுபது வேண்டும். ஒஹாயோவுக்குப் பதினேழு. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பொழுது போகாத வீட்டில் டிவிதான் வாத்தியார்.

நான் மட்டுமா பார்த்தேன்? கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்துல் மஜீத் பாய் பேப்பர் வந்ததும் முதலில் அதைத்தான் பிரிப்பார். அங்கே யார் வருகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் பேப்பரில் தினம் வருகிற அந்த வெளிநாட்டுச் சண்டை நிற்கும், குழந்தைகள் சாவது நிற்கும் என்பது அவர் கணக்கு. காபிக்கு நியூயார்க்கில்தான் விலை வைக்கிறார்கள் என்பதால் எஸ்டேட்காரர்களுக்கு அது ஒரு கவலை. ஓட்டு என்னவோ அவர்களுக்கு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நாங்கள். நம் வீட்டு விஷயத்தை எவனோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்யும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் என்ன செய்வது?

ஊரில் எல்லோரும் நின்ற இருவரில் அந்த அம்மாவுக்குத்தான் ஆதரவு. அவர் தாய்வழித் தாத்தாவுக்கு மன்னார்குடிப் பக்கம் ஊராம், அங்கே கோயிலில் அர்ச்சனையெல்லாம் செய்தார்கள் என்று டிவியில் காட்டினார்கள். அதோடு அவர் வந்தால் ஸ்டெபினுக்குத் தொல்லை இருக்காது என்பதும் என்னைத் தெரிந்தவர்களின் எண்ணம். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முதற்கொண்டு தைரியம் சொல்வார். நானும் தலையை ஆட்டிக்கொள்வேன்.

ஆனால் எனக்கு வேண்டியிருந்தது இன்னொருவர். வெளியிலிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்புவேன் என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்தாரே, அவர். காகிதம் இல்லாமல் வந்தவர்களைத்தான் சொல்கிறார் என்று டிவியில் விளக்கினார்கள். எனக்கு எதற்கு அந்த விளக்கம்? அனுப்புவேன் என்ற ஒரு வார்த்தை போதும். அனுப்பட்டும், என் பிள்ளையையும் சேர்த்து அனுப்பட்டும், பெட்டியோடு வந்து இறங்கட்டும் என்று நினைத்தேன். பெற்ற தாய் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் நினைத்தேன். மூன்று வருஷம் ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறவளுக்குத்தான் அது புரியும்.

வாடா என்று அவனிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் என் உத்தியோகம் குறுக்கே வந்தது. ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமைதான் போன். புதிதாகச் சேர்ந்த பையன்களின் அம்மாக்களை ஆபீசில் உட்கார வைத்து, போன் செய்யும்போது என்ன பேச வேண்டும் என்று நானே பாடம் எடுப்பேன். உன்னைப் பார்க்காமல் தூக்கம் வரவில்லை என்று சொல்லாதீர்கள், வீட்டுக்கு வா என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள், சொன்னால் அந்த வாரம் முழுக்க பையன் படிக்க மாட்டான். இங்கே எல்லோரும் சுகம், சாப்பிட்டாயா, நன்றாகப் படி, அவ்வளவுதான், வைத்துவிடுங்கள். இந்தப் பாடத்தால் எத்தனையோ பையன்கள் உருப்பட்டிருக்கிறார்கள். எட்டு வருஷமாக என் பையனிடம் நானும் இதையே பேசினேன். சுகம் சாமி, சாப்பிட்டேன் சாமி, உன் வேலையைப் பாரு சாமி. வைத்துவிட்டு அடுப்படியில் போய் அழுவேன், அது வேறு கதை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வருவதாக ஆகஸ்டிலேயே டிக்கெட் போட்டிருந்தான். மூன்று வாரம் லீவு. சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. மாடி அறைக்கு வெள்ளையடித்தேன், புதுசாக மெத்தை வாங்கினேன். ஆனால் மூன்று வாரம் முடிந்ததும் கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட வேண்டுமே என்பதும் கூடவே நினைப்பில் வந்தது. வரும்போதே போவதை நினைக்கும் வியாதி எனக்கு உண்டு.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கல்லறைகளுக்குப் பூமாலையும் மெழுகுவர்த்தியுமாக ஊரே திரண்டிருந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்ததால் ஏற்றிய திரி அணைந்து அணைந்து போயிற்று. எல்லோரும் கிளம்பும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியதாஸ் பக்கத்தில் நின்றேன். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் இருந்திருந்தால், செல்வி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா என்றிருப்பார். திட்டவாவது ஒரு ஆள் இருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் ஞாயிறு பூசைக்கு நான் சீட்டில் எழுதிக் கொடுத்த வேண்டுதல் கருத்தை மைக்கில் வாசித்தார்கள். நாகலூர் லூர்துசெல்வி, அமெரிக்காவிலுள்ள தம் மகன் ஸ்டெபினுக்காகவும், அங்கு நடைபெறும் தேர்தல் நல்லபடியாக முடியவும் என்று. நல்லபடி என்றால் எது என்பதைச் சீட்டில் எழுதவில்லை. ஆண்டவரிடம் தனியாக முழங்காலில் நின்று சொல்லிக்கொண்டேன். கோயில் நிறைந்த ஜனம் எனக்காக வேறொன்றைக் கேட்டு மன்றாடியது. பூசை முடிந்து வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு ஜெயகுமாரி என் கையைப் பிடித்து, ஒண்ணும் ஆகாதுங்க வார்டனம்மா என்றாள். அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை இங்கே விடியும்போது அங்கே எண்ண ஆரம்பித்தார்கள். காலைக் காபியைக் குடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவள்தான். ஒன்பது மணிக்கு மஜீத் பாய் சம்சாரம் ஹலீமா வந்தாள், நான் தனியாக உட்கார்ந்து பயந்துகொண்டிருப்பேன் என்று. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்திருந்தாள். நாலு நாளாகத் தொழுகையில் ஸ்டெபினுக்காகத் தனியாக துஆ கேட்டதாகச் சொன்னாள். போச்சு, இரண்டு மதத்தையும் ஏமாற்றியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

வரைபடத்தில் ஒவ்வொரு மாநிலமாக நான் வேண்டிக்கொண்டவரின் சிவப்பு ஏறியது. ஜார்ஜியா போனது. ஒஹாயோ போனது. மத்தியானம் சோறு வைக்கிற நேரத்துக்குப் பென்சில்வேனியாவும் போய்விட்டது. ஹலீமா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளே குதி குதியென்று குதித்தது. அதை மறைக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து அவள் என்னை அணைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவள் தோளில் சாய்ந்துகொண்டு நான் சந்தோஷப்பட்டேன். பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டும் சந்தோஷப்பட்டேன். யாரோ ஒருத்தர் என்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்ற நினைப்பும் அப்போதுதான் வந்தது, உண்மையில் கொஞ்சம் அழுதும்விட்டேன்.

அடுத்த பத்து நாள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வருவதுபோல வந்தார்கள். மஜீத் பாய் கடையில் சர்க்கரை கட்டும்போது குரலைத் தாழ்த்தி, தம்பி படிச்ச பையனுங்க, எங்க போனாலும் பொழச்சுக்குவான் என்றார். ஆமாங்க பாய், ஆண்டவர் விட்ட வழி என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மாடி அறையில் அவன் துணிக்கு அலமாரி போதுமா என்று அளந்து பார்த்தேன். மூன்று வாரத்துக்குப் போதும். மொத்தமாக வந்தால் போதாது. ஆசாரியை வரச் சொல்லிக் கரடியூருக்கு ஆள் அனுப்பினேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு காலையில் ஸ்டெபின் போன் செய்தான். நான் பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தேன். அவனுக்கு அங்கே சனிக்கிழமை ராத்திரி. குரல் சரியில்லை. கம்பெனி வக்கீல் எல்லோருக்கும் மெயில் போட்டிருக்கிறாராம். புது அரசாங்கம் ஜனவரியில் வந்ததும் என்ன உத்தரவு வருமோ தெரியாது, இந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வருவதற்கு உத்தரவாதமில்லை, அவசியமில்லாதவர்கள் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்று. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான். எப்போது வர முடியும் என்று அவனுக்கே தெரியாதாம். ஒரு வருஷம் ஆகலாம், நாலு வருஷமும் ஆகலாம்.

அனுப்புவார் என்று நினைத்தேனே, இப்படிப் பூட்டி வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? வழக்கம்போல, சரி சாமி, பரவாயில்லை, உன் வேலையைப் பாரு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே என்னைத் தேற்ற ஆரம்பித்தான்.

"பூசையெல்லாம் வெச்சு வேண்டிக்கிட்டியேம்மா. நீ வேண்டினது நடக்கல. விடு, கலங்காத."

அந்தக் குழந்தை என்னைத் தேற்றுகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நடந்துச்சு சாமி," என்றேன். "நான் வேண்டுனதுதான் நடந்துச்சு."

அவனுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவரே ஜெயிக்க வேண்டும் என்று முழங்காலில் நின்றதை, ஊரே எனக்காக மன்றாடியதை, ஹலீமா தோளில் சாய்ந்து சந்தோஷப்பட்டதை, அலமாரியை அளந்ததை. சொல்லி முடித்ததும், லைன் போய்விட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ என்றேன்.

"இருக்கேன்," என்றான். "ஏம்மா, என்னை அனுப்பி வைன்னு ஆண்டவர்கிட்டக் கேட்டிருக்க. இந்த ஊருக்காரன் ஓட்டுப் போட்டு என்னை வெரட்டுவான்னு டிவி முன்னால உக்காந்திருக்க. எங்கிட்ட ஒரு தடவை கேட்டியா? நான் என்ன உன் ஹாஸ்டல் பையனா?"

அப்புறம்தான் அவன் அதைச் சொன்னான். அந்த மார்ச்சில் பெங்களூரு ஆபீசுக்குப் போக ஆள் வேண்டும் என்று கம்பெனியில் கேட்டார்களாம். அதே வேலை, மேலே ஒரு பதவி. பெங்களூரிலிருந்து காரில் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நாகலூர் வந்துவிடலாம். முடிவு செய்வதற்கு முன்னால் எனக்குப் போன் செய்து, தனியாக இருக்கக் கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். எனக்கு அந்தப் போன் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இங்கே நான் ராணி மாதிரி இருக்கிறேன், என்னைப் பற்றி நினைத்து உன் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சொன்னேன். சரியாகப் பேசினோம் என்று பெருமையாகக்கூட இருந்தது.

"ஒரே ஒரு தடவை வாடான்னு நீ சொல்லியிருந்தா அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்," என்றான்.

"வந்துரு சாமி," என்றேன். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். "இப்பக் கூப்பிடறேன். பெங்களூருக்கே வந்துரு."

"அங்க வேற ஆளு போட்டாச்சும்மா. ஜூலைலயே."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி அழுதிருப்பேன். அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, எதையாவது பேச வேண்டுமே என்று, எப்போதும் கேட்பதையே கேட்டான்.

"சாப்பிட்டியாம்மா?"

சாப்பிட்டேன் சாமி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல கண்ணு," என்றேன். "தனியா உக்காந்து திங்கப் புடிக்கலை. நொம்ப நாளாவே புடிக்கலை."