கிட்டத்துக் கண்ணாடி

எனக்குப் பார்வை போய்விட்டது என்று இவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். போனது ஒரு முழ தூரம்தான். கையை மடக்கி நீட்டினால் எட்டுமே, அந்த ஒரு முழம். அதற்கு அப்பால் எல்லாம் இருக்கிறது. முன்னைவிட நன்றாகவே இருக்கிறது.

மாரக்காள் இதை யாரிடமும் சொன்னதில்லை. சேலம் போகிற பஸ்ஸில், ஜன்னலோரமாக, தம்பி கந்தவேலின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மனசுக்குள் சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. வாய்விட்டுச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். கண் தெரியவில்லை என்றால் கண்ணாடி போட வேண்டியதுதானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"அக்கா, தலை சுத்துதுங்களா? ஜன்னலச் சாத்தட்டுங்களா?" என்றான் கந்தவேல்.

"வேண்டாம் தம்பி. பாத்துக்கிட்டு வாரேன்."

"என்னத்தப் பாக்கறீங்க, வெறுங்காட்டை."

மல்லூர் தாண்டி மலை கிட்டே வந்துகொண்டிருந்தது. அதன் சரிவில் ஒற்றையடிப் பாதை ஒன்று வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதில் யாரோ தலையில் விறகோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நடையைப் பார்த்தால் பொம்பளை. கந்தவேலுக்கு அது தெரிந்திருக்காது. அவனைக் கேட்கவும் இல்லை.

ராசிபுரத்தில் அவர்கள் வீட்டில் இரண்டு பட்டுத்தறி. தறியில் நீளவாக்கில் கட்டுகிற இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் அதன் வால் நுனிகளை உருவிவிடமாட்டார்கள். புதுப் பாவைக் கொண்டுவந்து நீட்டிக் கட்டி, அதன் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் பிணைக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து ஒரு திருகு. அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு புடவை அகலத்துக்கு ஆயிரக்கணக்கில் இழைகள். கட்டிக்கொடுத்த ஊரான இளம்பிள்ளையில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தாய்வீடு திரும்பிய வயசில் மாரக்காள் அந்த வேலைக்கு உட்கார்ந்தாள். மற்றவர்கள் முனகிக்கொண்டு செய்த வேலையை அவள் முனகாமல் செய்தாள். முனக அவளுக்கு உரிமை இருப்பதாக அப்போது தோன்றவில்லை. பிறகு அது அவளுடைய வேலை என்று ஆகிவிட்டது. தலைமயிர் நரைத்தும் அவளுடைய வேலையாகவே இருந்தது.

கந்தவேல் நல்லவன். அவன் மனைவி ராசாத்தியும் கெட்டவள் இல்லை. தட்டில் சோறு குறைந்ததில்லை, தீபாவளிக்குப் புடவை தவறியதில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் 'அக்கா இல்லேன்னா என் தறி இல்லீங்க' என்று நாலு பேர் கேட்கச் சொல்லுவான். கேட்கிறவர்கள் மாரக்காளைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். யாராவது ஒருநாள் கடிந்து பேசியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபித்துக்கொள்ள ஒரு பிடி கிடைத்திருக்கும். அன்பாக இருக்கிறவர்களை எந்தப் பக்கத்திலிருந்து பிடித்துத் தள்ளுவது?

போன மாசியில்தான் அந்தப் பிசகு நடந்தது. கறுப்பு உடம்பும் கருநீலக் கரையுமான புடவைக்குப் பாவு. உடம்பும் கரையும் சேருகிற இடத்தில் இரண்டு இழைகளை மாற்றிப் பிணைத்துவிட்டாள். கருநீல இழை ஒன்று கறுப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாவில் விழுந்த தப்பு ஒரு புடவையோடு நிற்காது. அந்தப் பாவில் நெய்கிற அத்தனை புடவையிலும் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரைக்கும் கூடவே ஓடும். ஓட்டு வீட்டு வெளிச்சத்தில் கந்தவேலின் கண்ணிலும் அது படவில்லை. வியாபாரி புடவையை வாசலில் வெயிலுக்கு விரித்தபோதுதான் நகத்தால் கீறினாற்போல் பளிச்சென்று நின்றது. நெய்தவன் கண்ணுக்கும் தப்பியதுதானே என்று யாரும் சொல்லவில்லை. மாரக்காளும் சொல்லவில்லை.

அன்றைக்கு ராசாத்தி, "போச்சாது உடுங்க அண்ணி, வயசானா எல்லாருக்கும் வாரதுதான்" என்று காப்பி கொடுத்தாள். அந்தக் காப்பியைக் குடிக்கும்போது மாரக்காள் தன்னையே கேட்டுக்கொண்டாள்: கண் தெரியாமல்தான் மாற்றினேனா? விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தால் தெரிந்திருக்கும். அது தெரிந்தும் ஏன் இழுக்கவில்லை?  

அதற்குப் பிறகு பிணைக்க மேட்டுத் தெரு உண்ணாமலை வந்தாள். மாரக்காளுக்கு வெளி வேலைகள். சாயம் தோய்த்த பட்டை வெயிலில் காயப்போட்டுத் திருப்பிவிடுவது, கிணற்றடிக்குப் போவது, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய்த் தம்பி மகள் தெய்வநாயகியைக் கூட்டி வருவது. அப்போதுதான் அவளுக்கு அந்த ஆச்சரியம் தெரிந்தது. தெருக்கோடியில் வருகிறவர் யாரென்று தலையசைப்பை வைத்தே சொல்லிவிட முடிந்தது. போதமலையில் மேகத்தின் நிழல் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. பறக்கிற கொக்குக்குப் பின்னால் கால் நீட்டியிருப்பது தெரிந்தது. முன்பெல்லாம் பிணைத்துவிட்டு நிமிர்ந்தால் ஊர் முழுக்கப் புகைபோட்ட மாதிரி இருக்கும். அதனால் நிமிர்வதையே விட்டிருந்தாள். இத்தனை வருஷமாக இது இங்கேயேதான் இருந்திருக்கிறது.

ஆனால் அவள் நேர்மையாக யோசிக்கிறவள். கண்ணாடி வேண்டாம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை. அவள் புடைத்துக் கொடுத்த அரிசியில் இரண்டு தடவை கல் கடிபட்டது. ஒருநாள் தெய்வநாயகி நொண்டிக்கொண்டு வந்து, "அத்தை, முள்ளு எடுத்துவுடு" என்று பாதத்தை அவள் மடியில் தூக்கிப் போட்டாள். மாரக்காளுக்கு அந்தப் பாதம் ஒரு வெளிறிய உருண்டையாகத்தான் தெரிந்தது. ஊசியை வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள். குழந்தை வீறிட்டது. "நீ போ, அம்மா எடுக்கட்டும்" என்று காலை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முள் எடுக்க மட்டும் ஒரு கண்ணாடி கிடைத்தால் இப்போதே வாங்கிக்கொள்வாள். ஆனால் அந்த வீட்டில் கண்ணாடி முள் எடுப்பதற்காக வராது. பாவுக்காகத்தான் வரும். அவள் மூக்கு அதற்கு ஒரு ஆணி, அவ்வளவுதான்.

புறப்படும்போது ராசாத்தி வாசலில் நின்று சிரித்தாள். "அண்ணி இனி டீச்சரம்மா மாதிரி ஆயிருவாங்க. எங்களையெல்லாம் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெப்பாங்க!"

"உன்னைய நிக்க வெச்சா பெஞ்சு தாங்குமா?" என்றாள் மாரக்காள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு பஸ் ஏறினாள். கண்ணாடியிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறவளின் முகமாகவா அது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்?

பஸ்ஸில்தான் ஒரு யோசனை வந்தது. எந்தக் கண்ணாடியை மாட்டினாலும் தெரியவில்லை என்று சொல்லிவிடுவது. பொய்தான். அவள் அதிகம் பொய் சொன்னவள் இல்லை. ஒரே ஒரு வார்த்தை. தெரியலைங்க. அதைச் சொன்னால் போதும், யாருக்கும் வருத்தம் இருக்காது. பாவம், கண்ணாடியாலும் ஆகவில்லை என்பார்கள். ஆகாத கண்ணை யார் என்ன செய்ய முடியும்? சேலம் வருகிறவரை வார்த்தையை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தாள்.

கடைவீதியில் கண்ணாடிக்கடை சின்னது. சுவரில் மாதா படம், அதன் கீழே கண்ணாடிகள் மாட்டிய பலகை. கடைக்காரர் ஞானதாஸ் குட்டையான மனிதர். பேசும்போது தன் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்த்தார்.

"வாங்கம்மா. எழுத்துப் படிப்பீங்களா?"

"படிக்க மாட்டாங்க" என்றான் கந்தவேல். "பாவு பிணைக்கிறவுங்க. கறுப்புக்கும் கருநீலத்துக்கும் வித்தியாசம் புடிபட மாட்டேங்குது."

"அப்ப எழுத்து அட்டை எதுக்கு?" ஞானதாஸ் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கத்தை பட்டிழைகளை எடுத்து வெள்ளைத் துணிமேல் போட்டார். "இதுதாங்க நெசவுக்காரங்களுக்கு அட்டை. இளம்பிள்ளை, ராசிபுரம், எங்கிருந்து வந்தாலும் இதுலதான் பரீட்சை. ஒருத்தரும் காப்பி அடிக்க முடியாது."

வட்டமான இரும்புச் சட்டம் ஒன்றை அவள் மூக்கில் உட்காரவைத்து, ஒரு கண்ணாடிச் சில்லைச் செருகினார்.

"தெரியுதாம்மா?"

"தெரியலைங்க."

உண்மையாகவே தெரியவில்லை. அடுத்த சில்லுக்கும் தெரியவில்லை. பொய் சொல்லாமலேயே காரியம் முடிந்துவிடும்போல் இருந்தது. மாரக்காளுக்கு மூச்சு லேசாக வந்தது. ஞானதாஸ் உச்சுக்கொட்டிவிட்டு இன்னொரு சில்லை மாற்றினார்.

துணியின் நெசவு எழுந்து வந்தது. அதன்மேல் இழைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. பிறகு அவளுடைய கைகள். விரல் நுனிகளில் இன்னும் போகாத சாம்பல் கீறல்கள், கட்டைவிரலில் தடித்துப் பளபளத்த ஓர் இடம். எத்தனை நாளாயிற்று இவற்றைப் பார்த்து! தனக்குத் தெரியாமல் யாரோ வயசான ஒருத்தியின் கைகளை ஒட்டவைத்துவிட்டதுபோல் இருந்தது.

தெரியலைங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் விரல்கள் இழைகளுக்குப் போய்விட்டன. கறுப்பு ஒரு பக்கம், கருநீலம் ஒரு பக்கம். யாரும் பிரிக்கச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. தானாக வலமும் இடமுமாக ஒதுக்கிப்போட்டுக்கொண்டே போயின. பாதிக் கத்தை பிரிந்த பிறகுதான் அவற்றை நிறுத்த வேண்டும் என்ற நினைப்பு வந்தது. நிறுத்தினாள். நேரம் கடந்துவிட்டிருந்தது.

"பாத்தீங்களா!" என்று கையைத் தட்டினார் ஞானதாஸ். "வாய் சொல்லுறதுக்கு முன்னாடி கை சொல்லிட்டுதுங்க. இதுதான் நம்பர்."

கந்தவேல் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். "அக்கா! அப்பாடா, தெய்வம் கண்ணத் தொறந்துச்சு. நாளன்னிக்குப் புதுப் பாவு வருதுங்க. அந்த உண்ணாமலைய இனிக் கூப்பிட வேண்டாம். அவ பிணைச்சா எனக்கு மனசே ஒப்பல. நீங்க உக்காந்தாத்தான் தறிக்கே ஒரு களை."

அவன் குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை. மாரக்காள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகம் இல்லை. இருந்த இடத்தில் ஒரு மங்கல். அவனுக்குப் பின்னால் கடைவீதி முழுவதும் கலங்கிய தண்ணீராக ஆடியது. ஜட்கா எது, ஜனம் எது என்று பிரியவில்லை.

"தூரத்துல ஒண்ணுமே தெரியலைங்களே" என்றாள்.

"இது கிட்டத்துக் கண்ணாடிம்மா. அப்படித்தான் இருக்கும். வேலைக்கு உக்காரும்போது மாட்டிக்கணும். எந்திரிச்சா கழட்டிடணும், அவ்வளவுதான்."

எந்திரிச்சா. அவர் வெகு சாதாரணமாகத்தான் சொன்னார். மாரக்காள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். ஒரு பாவு முடிந்தால் இரண்டாம் தறியின் பாவு. அது முடிவதற்குள் பங்காளி வீட்டுப் பாவு. அவர்கள் எல்லோரும் நல்லவர்கள். மாரக்கா கைராசி என்று சொல்லித் தேடி வருவார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இருந்த ஒரே காரணம் இந்தக் கண்தான். அதை இப்போது இந்த மனிதர் ஒரு சில்லால் சரிபண்ணிவிட்டார். இனிச் சொல்வதற்குக் காரணம் எதுவும் இல்லை. காரணம் இல்லாமல்தான் சொல்ல வேண்டும்.

தெய்வநாயகியின் பாதம் நினைவுக்கு வந்தது. அதை இந்தச் சில்லு வழியாகப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. நெஞ்சு ஒருதரம் வலித்தது. அந்த வலியை அவள் தள்ளிவிடவில்லை. இருக்கட்டும் என்று விட்டாள்.

இரண்டு கைகளாலும் சட்டத்தைக் கழற்றி, வெள்ளைத் துணிமேல் மெதுவாக வைத்தாள்.

"எனக்கு இது வேண்டாங்க."

"வேற சட்டம் பாக்கலாம்மா. பித்தளையில இருக்கு, கனமில்லாம—"

"சட்டம் இல்லீங்க. கண்ணாடியே வேண்டாம்."

கந்தவேல் சிரிக்கப் பார்த்தான். "ஏனுங்க்கா, ராசாத்தி டீச்சரம்மான்னு சொன்னதுக்கா? அவ கெடக்கறா. ஊர்ல யாரு சிரிச்சாலும் நான் பாத்துக்கறேன்."

"அதுக்கில்ல தம்பி."

"தெரியலைங்களா அப்ப? இன்னொரு சில்லு போட்டுப் பாக்கச் சொல்லட்டுங்களா?"

இதோ, வாசல் திறந்திருக்கிறது. தெரியலை என்றால் போதும். பஸ்ஸில் அத்தனை நேரம் உருட்டிவைத்த வார்த்தை. அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அது மறுபடி தெளிவாக வந்திருந்தது. கன்னத்தில் சவரம் விட்டுப்போன இரண்டு மூன்று மயிர்கள், பயந்த குழந்தையினுடையதைப்போன்ற கண்கள். அவனிடம் அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை.

"தெரியுது" என்றாள். "நல்லாத் தெரியுது, கந்தவேலு."

"அப்பறம் என்னங்க்கா? நாளன்னிக்குப் பாவு வருதே. ஒருக்காப் போட்டுக்குங்க. எனக்காகப் போட்டுக்குங்க."

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிரித்த இழைகளையும் பிரிக்காத இழைகளையும் ஒன்றாக வாரிச் சுருட்ட ஆரம்பித்தார்.

திரும்பிப் போக ஒரே பஸ்தான், ஒரே வீடுதான். அங்கே ராசாத்தி இருப்பாள், தறிகள் இருக்கும். இதற்கெல்லாம் பிறகு அந்த வீட்டில் தான் யார் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"இல்ல சாமி" என்றாள் மாரக்காள் தம்பியிடம், மெதுவாக. "போட்டுக்கல."