ஒன்றும் ஆகாத தலைவர்

நாற்பத்து நான்காம் வருஷம் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது, தோல்கட்டு இறக்கப் போயிருந்த ஆறுமுகநயினாரின் தலையில் அம்மிக்கல் கனத்துக்கு ஓர் இரும்புத் துண்டு விழுந்து வளைந்துபோனது. தலைக்கு ஒன்றுமில்லை. துண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு தாராவிக்கு நடந்தே வந்து, காயலாங்கடையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். தோல் பதனிடும் ஷாப்பில் அவர்தான் மேஸ்திரி, தொழிலாளர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். "அவருக்கு ஒண்ணும் ஆகாதுடே" என்று திருநெல்வேலிச் சனம் மீசையை முறுக்கிக்கொண்டது. மீசை இல்லாதவர்களும் முறுக்கினார்கள்.

அன்று முதல் அவர், மயிர் கழலத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் எண்ணெய் பூசாமலே இறங்கினார். மற்றவர்கள் கைகாலில் தேங்காயெண்ணெய் பூசாமல் இறங்குவதில்லை; அதை ஷாப்தான் கொடுத்துவந்தது. மாட்டுத்தோல், மனிதத்தோல் என்று சுண்ணாம்புக்குப் பேதம் கிடையாது. யுத்தத்தில் எண்ணெய் தட்டுப்பாடானபோது முதலாளி ஜெயினுலாப்தீன் அவரைக் கூப்பிட்டு, கறுப்புச் சந்தையிலாவது வாங்கட்டுமா என்று கேட்டார். நல்ல மனுஷன். ஆறுமுகநயினார் தன் வழவழத்த காலை நீட்டிக் காட்டினார்.

"எதுக்கு மொதலாளி? எனக்கு என்ன ஆச்சு? நம்ம ஆளுக தாங்குவானுவ."

சங்கத் தலைவனே வேண்டாம் என்கிற எண்ணெயை எந்த முதலாளி வலிய வாங்குவான்?

குழியிலிருந்து வரும் மயிரை அலசுவது அவர் மனைவி பேராச்சியின் வேலை. மழைக்காலம் முடிவதற்குள் அவள் விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சோற்றில் ரத்தம் பட்டது.

"எல்லாருக்கும் ஒங்க தோலா இருக்கு? மொதலாளிகிட்ட எண்ணெயக் கேளுங்க" என்றாள்.

"தாங்கிப் பழகுட்டி. நான் தாங்கலியா?"

வலி என்று ஒன்று இருந்தால்தானே தாங்குவதற்கு! இவரைத் தலைவராக்கிய சனத்தைச் சொல்ல வேண்டும்.

யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது, எண்ணெயும் கடைக்கு வந்தது. ஷாப்புக்கு மட்டும் வரவில்லை. கால் புண்ணானவர்கள் ஒவ்வொருவராக ஊருக்கும் மில்லுக்கும் போய்விட்டார்கள். போனவர்களின் வேலையையும் சேர்த்து ஆறுமுகநயினாரே செய்தார். கடைசியில் பேராச்சியும் கிளம்பினாள். தாதர் ஸ்டேஷனில், சோறு பிசைய முடியாமல் மடங்கிப்போன விரல்களை ஜன்னல் வழியாக நீட்டி அவர் கையைப் பிடித்தாள். ரயில் நகர்ந்ததும் விட்டாள். பிடித்ததும் அவருக்குத் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இன்றும் சங்கக் கூட்டம் போடுகிறார். காலி பெஞ்சுகளைப் பார்த்துத் தாங்கச் சொல்கிறார். ஒண்டியாகக் கிடக்கிறாரே பாவம், கொஞ்சம் குழம்பு கொண்டுபோய்க் கொடுப்போமா என்று புதிதாகக் குடிவந்த யாராவது கேட்டால், சந்தில் இருப்பவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார்கள்:

"அவருக்கு ஒண்ணும் ஆகாது."