கியூட்டெக்ஸ் போட்ட ஆமைகள்

தொண்ணூற்றாறாம் ஆண்டு தீவிலேயே அதிக நட்சத்திர ஆமைகளைக் கடத்தல்காரரிடமிருந்து மீட்ட வனசீவராசி அதிகாரி நான்தான். தலைமையகமே அப்படி எழுதியிருந்தது. இதே வேகத்தில் போனால், போரில் ஷெல் குண்டு விழாத ஊருக்கு மாற்றம் தருவதாகவும் எழுதியிருந்தது. என் மனைவி அன்னப்பூரணி அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

வேலை ஒன்றும் கடினமில்லை. கொழும்பு லொறிகளில் கருவாட்டுப் பெட்டிகளுக்கு அடியில் ஆமைகள் போகும், அங்கிருந்து வெளிநாடு. நான் சோதனைச் சாவடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டியைத் திறப்பேன். நீதவான் காட்டில் விடச் சொல்வார். காடோ வாவிக்கு அக்கரையில், உன்னிச்சைப் பக்கம். அரசாங்க உத்தியோகத்தர் அங்கே போக இராணுவம், போராளிகள் என இரு தரப்பும் விடாது. ஆகவே இக்கரையிலேயே, தோணித்துறைக்குப் பக்கத்துப் பற்றைப் புதருக்குள் விட்டுவிட்டு, 'இயற்கைச் சூழலில் விடுவிக்கப்பட்டன' என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதுவேன்.

முதல் முறை ஐம்பத்துமூன்று. இரண்டாம் முறை நாற்பத்தாறு. கும்பல் ஒடுங்குகிறது என்று அறிக்கை அனுப்பினேன். அந்த முறை நீதிமன்றம் ஒவ்வோர் ஆமைக்கும் இலக்கம் போடச் சொன்னது. பெயின்ற் கேட்டு எழுதியதற்குப் பதில் வரவில்லை. அன்னப்பூரணி நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸை எடுத்து வயிற்றுப் பக்கத்தில் எழுதினேன்.

மூன்றாம் முறை ஆளும் அகப்பட்டது. கும்பலுக்கு ஆமை சேர்த்துக் கொடுக்கும் கந்தப்போடி, லொறியில் பெட்டிக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போயிருந்தார். நான் பிடித்தேன் என்பதைவிட அவர் ஓட மறந்துவிட்டார் என்பதே சரி. பெருமையோடு ஓர் ஆமையைப் புரட்டினேன். சிவப்பில் ஏழு. அடுத்ததில் பத்தொன்பது. என் கையெழுத்து.

"இதுகள எங்க புடிச்சீங்க?"

"சேர் விட்ட இடத்திலதான். காட்டுக்குள்ள மிதிவெடி. முதல் தரத்துக்குப் பிறகு நாங்க அங்கால போகல்ல. நீங்க விடுவீங்க, நாங்க பொறுக்குவம்."

"நாப்பத்தொண்டுதானே இருக்கு? மத்ததுகள்?"

"பெட்டிக்குள்ள மூச்சுமுட்டிச் செத்திட்டு சேர்."

ஒடுங்கியது கும்பல் அல்ல. சீருடையோடு, கும்பலுக்குச் சம்பளமில்லாக் கூலியாக நான் உழைத்திருக்கிறேன். நீதவான் வழக்கம்போல விடச் சொன்னார். பற்றைக்குள் விட்டால் நாலாவது வெற்றி நிச்சயம், மாற்றமும் நிச்சயம். ஆனால் அதற்குள் இன்னும் எத்தனை சாகும்?

பிணையில் வந்த கந்தப்போடியைத் துறையில் பிடித்தேன். வீடு அக்கரையில், கொக்கட்டிச்சோலையில் என்பதால் அவர் தினமும் வாவி கடக்கும் ஆள்.

"இதுகள அக்கரையில, காட்டோரமாக் கொண்டு விடுவீங்களா?"

"என்னைய நம்பியா சேர்? வழியில புடிச்சா?"

"புடிக்கிறவன் நான்தானே."

சிரித்துக்கொண்டே சாக்குகளைத் தோணியில் ஏற்றினார். கள்ளனிடமே சாவியைக் கொடுத்த மடையன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இரண்டு நாளும் துறையில் போய் நின்று பார்த்தேன்.

மூன்றாம் நாள் வந்தார். கையில் துணிப் பொட்டலம்.

"நாப்பது விட்டன் சேர். இது தோணியிலயே செத்திட்டு. நான் வித்துப்போட்டன் எண்டு நினைப்பீங்க, அதான் கொண்டாந்தன்."

ஏழாம் இலக்கம். மற்ற நாற்பதையும் நான் நம்பியது அந்தச் செத்த ஒன்றால்தான்.

அதன் பிறகு ஒரு பெட்டியிலும் ஆமை இல்லை. டிசம்பரில், மீட்பு ஏன் நின்றது என்று தலைமையகம் விளக்கம் கேட்டது. மாற்றம் வரவில்லை. அன்றிரவு அன்னப்பூரணியிடம் எல்லாவற்றையும் சொல்லி, நான் எடுத்து வைத்திருந்த அந்த ஏழாம் இலக்க ஆமையின் ஓட்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள்.

"என்ட கியூட்டெக்ஸ முடிச்சது நீங்கதானா?" என்றாள்.

பிறகு அழுதாள். ஆமைக்கா, மாற்றத்துக்கா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.