கண்மணி எடுத்த வகுப்பு

1

முதலில் ஓர் ஒப்புதல். இது எனக்குத் தோன்றிய கதையல்ல. எனக்குச் சொல்லப்பட்ட கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தையில் என் எதிரே வந்து உட்கார்ந்த கண்மணி, தன் தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே நாலு மாடி கீழே குடியிருப்பவர். ஒரு கதை கிடைத்துவிட்டதே என்று எனக்கு மகிழ்ச்சி. அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை.

"எழுதுங்கண்ணே. ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதிடாதீங்க. நான் அழல லா."

அழும் காட்சியை நான் அதற்குள் மனத்தில் எழுதி முடித்திருந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: "2020 பிப்ரவரியின் முதல் வெள்ளிக்கிழமை மாலை, நாட்டின் நோய்த்தொற்று எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்தது. பேரங்காடிகளில் அரிசியும் நூடல்ஸும்—" [செய்தித்தாள் வாடை அடிக்கிறது. விட்டுவிட்டேன்.]

தொடக்கம் இரண்டு: "சின்ன வயதிலிருந்தே கண்மணிக்கு ஆசிரியை ஆகவேண்டும் என்று—" [பொய். கேட்டுப் பார்த்தேன். அப்படி ஓர் ஆசை அவருக்கு இருந்ததே இல்லையாம். வயர்கள்தான் பிடிக்கும்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். கண்மணிக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்த கையோடு ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். விரிவுரை அரங்குகளின் மைக், ஒலிபெருக்கி, புரொஜெக்டர் எல்லாம் அவர் பொறுப்பு. எல்லாம் ஒழுங்காக வேலை செய்த நாளில், இத்தனை வருடங்களில் ஒரு பேராசிரியரும் அவரைக் கூப்பிட்டுப் பேசியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்ததும், ஐம்பது பேருக்கு மேல் உட்காரும் வகுப்புகள் எல்லாம் ஒரு வாரத்துக்குள் இணையத்துக்கு மாற வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைத் தயார்செய்ய வேண்டியவர் கண்மணி வேலைசெய்யும் பிரிவின் தலைவர் ஸ்ரீராம். அவரோ மூன்று நாள் முன்புதான் ஷாங்ஹாயிலிருந்து திரும்பியிருந்தார். பதினாலு நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு. சனிக்கிழமை காலை கண்மணியை அழைத்தார்.

"ஸ்லைட்ஸ் எல்லாம் ரெடியா இருக்கு கண்மணி. எண்பத்து நாலு. நீங்க சும்மா பாத்துப் படிச்சாப் போதும்."

"நான் டெக்னீஷியன் சார்."

"இப்ப வேற யாரும் இல்ல."

[முதல் வரைவில் ஸ்ரீராமை 'அவர்' என்றும் கண்மணியை 'அவள்' என்றும் எழுதியிருந்தேன். அப்படி எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. கை தானாகப் போயிற்று. பிறகு எல்லா இடத்திலும் திருத்தினேன். எங்காவது ஒன்று தப்பியிருந்தால் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.]

3

திங்கட்கிழமை. முதல் பயிற்சி அமர்வுக்கு நாற்பது ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். வாசலில் உடல்வெப்பம் பார்த்து உள்ளே விட்டார்கள். கண்மணி படித்தார். பதினேழாவது ஸ்லைடில் பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்து மூன்றாவதில் முன்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

பேராசிரியர் மருதப்பன். கட்டுமானப் பொறியியல். முப்பது வருடமாகப் பாடம் நடத்துபவர். சிறந்த ஆசிரியர் விருதை மூன்று முறை வாங்கியவர்.

"மன்னிக்கணும். நீங்க எப்பவாவது ஒரு வகுப்பு எடுத்திருக்கீங்களா?"

[இதை அவர் ஆங்கிலத்தில்தான் கேட்டார். தமிழில் எழுதும்போது கொஞ்சம் மரியாதை கூடிவிடுகிறது.]

"இல்ல சார்," என்றார் கண்மணி.

"ஐ ஸீ," என்றார் மருதப்பன். யாரும் சிரிக்கவில்லை. கண்மணி இருபத்து நாலாவது ஸ்லைடுக்குப் போனார். எண்பத்து நாலு வரைக்கும் படித்தார். குரல் ஓர் இடத்திலும் இறங்கவில்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை.

மருதப்பனை ஒரு வில்லனாக வளர்த்துவிடலாமா என்று இங்கே எனக்கு ஆசை வந்தது. ஒரு கோணல் சிரிப்பு, விலையுயர்ந்த கைக்கடிகாரம்... கண்மணி மறுத்துத் தலையாட்டிவிட்டார். "அவரு கேட்டதுல தப்பு என்னண்ணே? உண்மையாவே நான் எடுத்ததில்ல. பஸ்ல வரும்போது அதத்தான் யோசிச்சேன். இவங்களும் இந்த மாதிரி ஒரு கிளாஸ் எடுத்ததில்ல. ஆனா நாளைக்குப் பிள்ளைங்க என்ன படப்போறாங்கன்னு எனக்குத் தெரியும். இருபது வருஷமா நான் கடைசி வரிசைலதான நிக்கிறேன்."

4

செவ்வாய்க்கிழமை அவர் ஸ்லைடுகளைத் திறக்கவே இல்லை. முதல் நாள் பாதியில் எழுந்து போனவர்களையும் வரச் சொல்லியிருந்தார். மருதப்பனும் வந்தார்.

"எல்லாரும் லேப்டாப்பை இங்கயே வச்சிட்டுப் போங்க. கைப்பேசி மட்டும் போதும். படிக்கட்டு, கேண்டீன், கார்ப்பார்க், எங்க வேணா போங்க. அங்கிருந்து என் வகுப்புல சேருங்க. பத்து நிமிஷம். கடைசியில டெஸ்ட் இருக்கு."

நாற்பது முனைவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போனார்கள்.

கண்மணி தன் வாழ்க்கையின் முதல் வகுப்பை எடுத்தார். பாடம்: மைக் வயரை எப்படிப் பற்றவைப்பது. உள்ளே மூன்று கம்பிகள். எது எந்த முனைக்குப் போக வேண்டும், மாறினால் என்ன ஆகும். அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த விஷயம். ஆனால் வேண்டுமென்றே கம்பிகளைக் கேமராவிலிருந்து தள்ளிப் பிடித்தார். ஒரு முறை திரும்பி நின்று பேசினார். ஒரு முறை, மிக முக்கியமான இடத்தில், பத்து விநாடி மைக்கை அணைத்தார். யாராவது கேட்பார்களா என்று பார்த்தார். யாரும் கேட்கவில்லை, எல்லாரும் புரிந்த மாதிரியே இருந்தார்கள்.

மூன்று கேள்விகள். நாற்பது பேரில் ஆறு பேர் தேறினார்கள். மருதப்பனுக்குப் பூஜ்யம்.

திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. "இது நியாயமில்ல. பேஸ்மென்ட்ல லைன் விட்டு விட்டு வந்துச்சு. நீங்க எப்ப அந்த ரெண்டாவது கம்பியச் சொன்னீங்கன்னே எனக்குக் கேக்கல. அது என் தப்பில்ல!"

"ஆமா சார். உங்க தப்பில்ல," என்றார் கண்மணி. "அடுத்த வாரம் உங்க நூத்தி எண்பது பிள்ளைங்கள்ல யாராச்சும் இதையே சொல்வாங்க. அப்ப நீங்க என்ன சொல்வீங்க?"

மருதப்பன் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சரி. என்ன பண்ணனும், சொல்லுங்க."

[இங்கே மருதப்பன் எழுந்து அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்பதாக ஒரு பத்தி இருந்தது. நல்ல பத்தி. கண்மணி படித்துவிட்டு அடித்துவிட்டார். "மன்னிப்பெல்லாம் கேக்கல அண்ணே. கத்துக்கிட்டாரு. அது அதவிடப் பெருசு."]

5

மருதப்பனின் கஷ்டம் வேறு. உத்திரம் பாரத்தில் எப்படி வளைகிறது என்பதைச் சொல்ல, கோடு போட்ட நீளமான ஸ்பான்ஜ் துண்டு ஒன்று வைத்திருப்பார். அதைக் கையால் வளைத்துக் காட்டியபடியே வரிசை வரிசையாக நடப்பார். இப்போது நடக்க வரிசைகள் இல்லை.

இரண்டு நாள் அவருடைய அலுவலக அறையில் இருவரும் முயன்றார்கள். கண்மணி ஒரு பழைய மைக் ஸ்டாண்டில் கைப்பேசியைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டார். மேசைமேல் கறுப்புத் துணி விரித்தார். ஒரு மணி நேரப் பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாக வெட்டச் சொன்னார். ஒவ்வொரு துண்டும் பதிவாக வேண்டும். தொடர்பு அறுந்த பிள்ளை திரும்பப் பார்க்க வேண்டும். மருதப்பன் எரிச்சல்பட்டார், மறந்தார், மறுபடி செய்தார். அதே வாரத்தில் மற்ற அமர்வுகளையும் கண்மணி நடத்தி முடித்தார். ஒவ்வொன்றிலும் படிக்கட்டு, கார்ப்பார்க், டெஸ்ட்.

அடுத்த திங்கட்கிழமை மருதப்பனின் வகுப்பு. நூற்று எண்பது பேர் திரையில். அறையின் மூலையில் காதுக்கருவியோடு கண்மணி. எட்டாவது நிமிடத்தில் சிவானி என்ற மாணவி ஒரு வரி தட்டினாள்: சத்தம் வரவில்லை, பஸ்ஸில் இருக்கிறேன், மன்னிக்கவும்.

மருதப்பன் பாதி வளைத்த ஸ்பான்ஜை அப்படியே மேசையில் வைத்தார். "சிவானிக்குச் சத்தம் போயிருச்சு. இதுல மன்னிப்புக் கேக்க ஒண்ணுமில்ல. சிவானி, இப்பக் கேக்குதா? சரி. முதல்லேர்ந்து வளைக்கிறேன். எல்லாரும் இன்னொரு தடவ பாருங்க."

அப்போது கண்மணியின் கண்கள்—

[இல்லை. சொன்னால் சொன்னதுதான்.]

"அழல. மைக் லெவலப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு மணி நேரமும் பச்சையிலயே நின்னுச்சு. ஒரு தடவகூடச் சிவப்புக்குப் போகல." இதைச் சொல்லும்போது தேக்காவின் அத்தனை இரைச்சலுக்கு நடுவே அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதம் இருக்கிறதே, அதை எழுத எனக்கு வரவில்லை. முதுகெலும்பு என்ற சொல்லை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன்.

ஏப்ரலில் சர்க்கிட் பிரேக்கர் என்ற ஊரடங்கு வந்து நாடே வீட்டுக்குள் போனபோது, மற்ற இடங்களில் எல்லாரும் தடுமாறினார்களா என்று எனக்குத் தெரியாது. இவர்கள் தடுமாறவில்லை என்று மட்டும் தெரியும்.

6

முடிவு. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

மறு ஆண்டு சிறந்த ஆசிரியர் விருதுக்கு மருதப்பன் ஒரு பெயரை முன்மொழிந்தார்: கண்மணி. படிவத்தில் 'பணி' என்ற இடத்தில் அவர் எழுதியிருந்தது: ஆசிரியர். விருது அலுவலகத்திலிருந்து கண்மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்த விருது கற்பிக்கும் ஊழியர்களுக்கு மட்டும்; உங்கள் பணி தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் திருத்தவும், சரி என்றால் உறுதிசெய்யவும். இரண்டு பொத்தான்கள்.

முடிவு அ: திருத்துகிறார். முன்மொழிவு தானாக நீங்கிவிடுகிறது. எழுந்து, மைக் வேலை செய்யாத ஏதோ ஓர் அரங்குக்குப் போகிறார்.

முடிவு ஆ: உறுதிசெய்கிறார். அலுவலகம் விளக்கம் கேட்கிறது. அவர் பதில் எழுதுகிறார்: அந்த அமர்வுகளுக்கு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டையும் பின்னொரு நாள் கண்மணியிடம் படித்துக் காட்டினேன்.

"ரெண்டுமே நான் செய்யக்கூடிய ஆளுதான்," என்றார்.

"எத அழுத்துனீங்க?"

"அதச் சொல்ல மாட்டேன் அண்ணே. விருது கிடைச்சுதா இல்லையான்னுதான் எல்லாரும் கேப்பாங்க. அப்புறம் கதை அதப் பத்தினதா ஆயிடும். வேணும்னா இத எழுதிக்குங்க: அந்த வருஷம் ஒரு கிளாஸ்கூட நிக்கல."

எழுதிக்கொண்டேன். அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எதை அழுத்தினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானாக ஒன்றை எழுதினால் அது என் விருப்பமாகத்தான் இருக்கும். ஆகவே படிவத்தை உங்களிடம் தருகிறேன். அந்த முதல் அமர்வில் கேள்வி கேட்டவர் நீங்களாகவும் இருந்திருக்கலாம், நிதானமாக நிரப்புங்கள்.

பெயர்: கண்மணி சுந்தரம்

பணி: