நாத்தனார் எழுதிய பதினோரு நேரங்கள்

கணினி அறையில் அவளுக்குப் 'பச்சை' என்று பெயர். தலைமை ஆஸ்பத்திரியையும் ஆறு கிளைகளையும் இணைக்கும் ரௌட்டர்கள் அத்தனையும் அவள் பொறுப்பு. எந்தக் கிளையிலிருந்து யார் கூப்பிட்டு "லைன் போச்சு" என்றாலும், சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இங்க எல்லாம் பச்சையாத்தான் இருக்கு" என்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தத் திரையில் எது எங்கே தெரிய வேண்டும் என்று அமைத்தவளும் அவளே என்பதால் அதன்மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தப் பதில் எடுபடாத ஒரே ஆள் அவளுடைய நாத்தனார். கணவனின் அக்காவான அவர் ஒரு கிளை ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக எக்ஸ்ரே எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தவர், சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"மூணு வாரமா படம் போக மாட்டேங்குது. உங்க ரூமுக்குப் போன் பண்ணா, பச்சை பச்சைன்னு கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கறாங்க."

"நான்தான்க்கா சொன்னேன். உங்க லைன் ஏழு மாசமா ஒரு நிமிஷம்கூட விழலை. கம்ப்யூட்டரை மாத்தச் சொல்லுங்க."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இவர்கள் இருவருக்கும் நடுவில் வாயைத் திறந்து பட்ட அனுபவம் அவனுக்கு ஏற்கனவே போதுமானது.

புதன்கிழமை மாலை சாரத்திலிருந்து விழுந்த ஒரு பெயிண்டரை நாத்தனாரின் கிளைக்குத் தூக்கி வந்தார்கள். கழுத்தில் அடி. எடுத்த படத்தைத் தலைமை ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை ஆளை அசைக்கக் கூடாது. படம் போகவில்லை. அந்த ஆள் கூரையைப் பார்த்தபடி ஒன்பது நிமிடம் கிடந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கிளை மருத்துவ அதிகாரியின் கையெழுத்தோடு ஒரு புகார் வந்தது. எழுதியவர் நாத்தனார். திட்டு ஒன்றும் இல்லை. பதினோரு தேதிகள், பதினோரு நேரங்கள். கடைசியில் ஒரு வரி: 'இந்த நேரங்களில் தங்கள் திரை என்ன காட்டியது என்று தெரிவிக்கவும்.'

பச்சைக்குச் சுருக்கென்றது. 'இன்னிக்கு நிரூபிச்சுடறேன்' என்று ரௌட்டருக்குள் நுழைந்தாள். முதலில் அந்தக் கிளைக்குப் போகும் கேபிள் செருகியிருக்கும் போர்ட்டைப் பார்த்தாள். ஏழு மாதமாக உயிரோடு இருந்தது. 'அதான் சொன்னேனே' என்று முணுமுணுத்துக்கொண்டே, வழக்கமாகப் பார்க்காத நெய்பர் பட்டியலையும் திறந்தாள்.

பக்கத்து ரௌட்டரைத்தான் நெய்பர் என்பார்கள். பத்து விநாடிக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று 'இருக்கேன்' என்று குரல் கொடுத்துக்கொள்ளும். நாற்பது விநாடி குரல் கேட்காவிட்டால், அடுத்தவர் இல்லையென்று முடிவுகட்டி, அந்த வழியில் எதையும் அனுப்பாது. அந்தக் கிளையின் நெய்பர் முந்தின நாள் மாலைதான் திரும்ப வந்து சேர்ந்திருந்தது; பதினாறு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

ஏழு மாதம் எங்கே, பதினாறு மணி எங்கே? பதிவேட்டைப் புரட்டினாள். மூன்று வாரத்தில் பதினைந்து முறை நெய்பர் காணாமல் போய்த் திரும்பியிருந்தது. நாத்தனார் எழுதிய பதினொன்றும் நிமிடம் பிசகாமல் அதில் இருந்தன. அவளுடைய திரை போர்ட்டை மட்டும்தான் பார்த்தது. கம்பியில் உயிர் இருக்கிறதா என்று கேட்டதே தவிர, அந்தப் பக்கத்துக் குரல் கேட்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. 

"போன்லயே சொல்லிடலாமே" என்றார் பிரிவுத் தலைவர்.

"இல்ல சார், நேர்ல போறேன்."

எக்ஸ்ரே அறையில் நாத்தனார் நிமிர்ந்து பார்த்தார். வா என்று சொல்லவில்லை.

"அக்கா, நீங்க எழுதினது அத்தனையும் சரி. நான் அமைச்ச திரைக்குத்தான் கண்ணு இல்ல."

 நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. தண்ணி குடிக்கறியா?"

"இதுக்குமேல நாலு தடவை விழுந்திருக்கு. அதை நீங்க எழுதலையே?" என்று அந்த நேரங்களைக் காட்டினாள். நாத்தனார் நோயாளிகள் பதிவேட்டை எடுத்து விரலை ஓட்டினார்.

"இந்த நாலும் நான் லீவுல இருந்தப்ப. இரு, இரு... இந்தப் பதினஞ்சு நேரத்துலயும் இங்க இருந்தவங்க எல்லாருமே ஸ்ட்ரெச்சர்ல வந்தவங்க."

நடந்து வருபவர்களுக்கு அந்தக் கனமான கதவைப் பாதி திறந்தால் போதும். ஸ்ட்ரெச்சர் என்றால், படம் எடுத்து முடிந்ததுமே வெளியே கொண்டுபோக வசதியாகச் சுவரோடு சாய்த்து வைத்துவிடுவார்கள்; படத்தை அனுப்புவதும் அப்போதுதான். பச்சை அப்படிச் சாய்த்துவிட்டுக் கதவின் பின்னால் எட்டிப் பார்த்தாள். கூரையிலிருந்து இறங்கிய, ஒளி வழியாகச் செய்தி கடத்தும் மெல்லிய மஞ்சள் கேபிள், சுவருக்கும் கீலுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. ஒளி முழுக்க அறுபடவில்லை, அதனால் போர்ட் விழவில்லை. மங்கலில் குரல்தான் போய்ச் சேரவில்லை.

நாத்தனாரின் முகம் விழுந்துவிட்டது. "கதவு சுவர்ல போய் இடிக்காம இங்க ஒரு தடுப்புக்கட்டை இருந்துச்சு. ஸ்ட்ரெச்சர் திரும்பலைன்னு நான்தான் மூணு வாரம் முன்னாடி கழட்டச் சொன்னேன். ஐயோ, அந்தப் பெயிண்டர்..."

"கட்டைக்குப் பின்னாடி கேபிள் போகுதுன்னு உங்களுக்கு யாருக்கா சொன்னா? முதல் தடவை விழுந்தப்பவே நான் பார்த்திருந்தா அவர் அப்படிக் கிடந்திருக்கவே மாட்டார்."

"ரிப்போர்ட்ல ரெண்டையும் எழுது. என்னைக் காப்பாத்தறேன்னு ஒண்ணை விட்டுடாதே."

இரண்டையும் எழுதினாள். கேபிளை மாற்றி, கதவுக்கு எட்டாத மூலை வழியாக இறக்கினார்கள். அடுத்த வாரம் திரையில் ஒவ்வொரு கிளைக்கும் நெய்பருக்கென்று ஒரு கட்டம் சேர்த்தாள்.

மூன்றாம் நாள் முற்பகல், கோடிக் கிளை ஒன்றின் கட்டம் சிவந்தது. அங்கிருந்து புகாரே வந்ததில்லை. அவளே அங்குள்ள மருந்தாளரைக் கூப்பிட்டாள்.

"இப்ப உங்க லைன் நின்னுச்சா?"

"நின்னுச்சும்மா. தினம் நிக்கும், வரும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் சொல்லாம விட்டீங்க?"

"ஆரம்பத்துல சொல்லிப் பார்த்தோம். அப்புறம் அலுத்துப் போச்சு."

 பச்சை, ரௌட்டரின் பின்பக்கம் இருக்கும் கேபிள்களை ஒவ்வொன்றாக அழுத்தச் சொன்னாள். மூன்றாவது கேபிள் 'டக்' என்று உள்ளே போய் உட்கார்ந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் மருந்தாளர்.

"தெரியலைங்க. போனை வச்சுடாதீங்க, கொஞ்ச நேரம் பார்ப்போம்."