ஊமைப்பெட்டிக்கு இன்னொரு பெயர்

...பதில் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்குள் நின்றவன் நான்தான், ஆனால் மேல்மாடி அம்மாள் குனிந்து "உன் பேரென்ன கண்ணு" என்று கேட்டு, மகள் வழக்கம்போல விரல்களால் காற்றில் தன் பெயரை எழுதிக் காட்ட, அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்து "அடடா, ஊமையா?" என்றபோது நான் செய்ததெல்லாம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பொத்தானை இன்னொரு முறை அழுத்தியதுதான், என்னவோ லிஃப்டுக்கு என் அவசரம் புரிந்துவிடும் என்பதுபோல. மனைவிதான் வாயைத் திறந்தாள். "பேசமாட்டா. ஆனா காது நல்லாக் கேக்கும். நீங்க இப்பச் சொன்னதும் கேட்டுச்சு." அம்மாள் தன் மாடி வருவதற்குள்ளேயே இறங்கிக்கொண்டாள், மிச்சத்தைப் படியேறிப் போயிருப்பாள், போகட்டும், மூட்டுக்கு நல்லது. ராத்திரி முழுக்க மனைவி என்னிடம் அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடத் தேவலை, கேட்டால் சமாளிக்க என்னிடம் சரக்கு உண்டு, கேட்காதவளை என்ன சொல்லிச் சமாளிப்பது... அது நேற்று. இப்போது காலை, அலுவலகத்தின் கூட்ட அறை, யாரோ ஏசியை இறைச்சி கெடாமல் வைக்கிற அளவுக்குக் குறைத்துவைத்திருக்கிறார்கள், மேசைக்கடியில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, சுவரில் பெரிய திரை, அதில் நாங்கள் தூக்கியெறிய வேண்டிய சொற்கள், அவற்றில் கடைசிக்கு முந்தின வரியில் அந்தச் சொல், என்னையே பார்த்துக்கொண்டு.

மருத்துவமனையிலும் வங்கியிலும் 'அடுத்த எண்' காட்டுகிற திரைகளுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் பிழைப்பு. இப்போது அதை மொத்தமாக வாங்க ஒரு பெரிய நிறுவனம் வந்திருக்கிறது, வந்தவர்கள் ஒரு நிபந்தனையும் கொண்டுவந்திருக்கிறார்கள், மனிதரை இழிவுபடுத்திப் பிறந்த சொல் ஒன்றுகூட நிரலுக்குள் இருக்கக்கூடாதாம். நியாயம்தான். ஒரு கணினியை எஜமான் என்றும் அதன் பின்னால் ஓடுகிற கணினியை அடிமை என்றும், மாஸ்டர், ஸ்லேவ் என்று, கூசாமல் எழுதிக்கொண்டிருந்தோமே இத்தனை வருடமாய், அடிமை செத்துட்டான், அடிமையை எழுப்பு, என்று தொலைபேசியில் கத்தும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் என்ன நினைத்திருப்பார். சரி, ஸ்லேவ் போகும், அதில் யாருக்கும் வாதமில்லை. என் சங்கடம் வேறு. சுயமாக எதுவும் செய்யத் தெரியாமல், சொன்னதை மட்டும் காட்டுகிற அந்தத் திரைகளுக்கு நிரலில் 'டம்ப்' என்று பெயர், ஆங்கிலத்தில் ஊமை. எங்கள் வாயில் அது ஊமைப்பெட்டி. ஊமைப்பெட்டி படுத்துக்கிச்சு, ஊமைப்பெட்டிக்கு ரெண்டு தட்டு தட்டு... நானும்தான் சொல்லியிருக்கிறேன், வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் மகள் மடியில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லியிருக்கிறேன், அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்.

"எல்லாத்தையும் மாத்த நேரமில்லப்பா," என்றார் மேனேஜர் மேடம், "வெள்ளிக்கிழமை அவங்களுக்குக் காட்டியாகணும். எது கட்டாயமோ அது மட்டும்." அவ்வளவுதான், அறை சந்தையாகிவிட்டது. இதற்கு இது, அதற்கு அது. பிளாக்லிஸ்ட் வேண்டாம், கறுப்பு என்றால் கெட்டதா என்று ஒருவர், மாஸ்டரை விட்டுக்கொடுக்க முடியாது என்று வக்கீல். வக்கீல் என்பது பட்டப்பெயர், கோர்ட் வாசலை மிதித்தவனில்லை, வாயைப் பார்த்து வைத்தது. "மேடம், என் பேன்ட்டத் தைக்கிறவரையும் மாஸ்டர்னுதான் கூப்பிடுறேன். அவரு கோவிச்சுக்கிட்டா காலு நீளம் வேற மாதிரி ஆயிடும்." சிரிப்பு. பேனா மூடியைக் கழற்றுகிறேன், மாட்டுகிறேன். வரி வரியாக இறங்கி வருகிறார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள், வந்துவிட்டார்கள். "இந்த டம்ப்?" என்றார் மேடம். "ஊமைப்பெட்டியா? அத விடுங்க மேடம்," என்றான் வக்கீல், "எந்த ஊமை வந்து புகார் சொல்லப்போறான்?" இந்த முறை சிரிப்பு பெரிது. மேடம் கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் வாயை மறைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். வாய் அதுவாகவே விரிந்தது, வாடிக்கையாளர் சொல்கிற மொக்கை ஜோக்குக்குக் கல்லாவில் இருப்பவர் விரிக்கிற அதே அளவு, ஒரு நூல் கூடவில்லை குறையவில்லை.

சொல்லிவிடு. என் மகள் பேசமாட்டாள், அந்தச் சொல்லை நேற்று ஒருத்தி அவள் முகத்துக்கு நேரே சொன்னாள், எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடு. சொன்னால் என்ன ஆகும்? அறை அடங்கிப்போகும். மேடத்தின் தலை ஒரு பக்கமாகச் சாயும். வக்கீல் மதியம் காப்பி வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, எனக்குத் தெரியாதுண்ணே, என்பான், உண்மையாகவே கண்ணும் கலங்கும், கெட்டவனில்லை அவன். இவ்வளவு நாளும் "பொண்ணு எப்படி இருக்கா" என்று கேட்டால் "அவளா, சரியான வாலு" என்பேன், அது பொய்யுமில்லை, நேற்றுக்கூட என் செருப்பை ஃபிரிட்ஜுக்குள் வைத்திருந்தாள், இனிமேல் அந்தக் கேள்வியை எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். சொல்லை எடுத்துவிடுவார்கள், எடுக்காமல் என்ன, பாவம் பார்த்துத் தருகிற தள்ளுபடி மாதிரி எடுத்துத் தருவார்கள். எனக்குத் தள்ளுபடி பிடிக்காது. பேசி வாங்கினால்தான் பொருள் வீட்டுக்கு வந்ததாகவே தோன்றும், என்ன செய்வது, வளர்ந்த இடம் அப்படி.

அம்மாவுக்குப் பழைய மரச்சாமான் வியாபாரம். வீடு காலிசெய்கிறவர்களிடம் போய் வாங்குவாள், கூடப் போயிருக்கிறேன். உள்ளே நுழைந்ததுமே அவளுக்கு வேண்டிய அலமாரி எது என்று அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும், அதோடு அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிடுவாள். கால் ஆடுகிற நாற்காலிக்கு விலை கேட்பாள், அதற்காக மூச்சு வாங்கச் சண்டை போடுவாள், மெத்தை கிழிந்த கட்டிலுக்குத் தலையில் அடித்துக்கொள்வாள், வாசல்வரை போய், செருப்பில் ஒரு காலை நுழைத்த பிறகு, "அந்த அலமாரி வேற எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது போல. சரி, அதையும் சேத்து ஏத்திவிடுங்க, உங்களுக்கு ஒரு தொல்லை விட்டுது" என்பாள். வீட்டுக்காரர் நன்றி சொல்லித் தூக்கிவிடுவார்.

அதனால் நான் பிளாக்லிஸ்டை எடுக்கச் சொல்லி வரிந்துகட்டினேன். எனக்கும் அதற்கும் இந்த ஜென்மத்தில் சம்பந்தமில்லாவிட்டாலும் குரலை உயர்த்தினேன், "நாளைக்கு அவங்க தேடிப் பாத்து இது கிடைச்சா யாரு பதில் சொல்றது? நீயா?" என்று வக்கீலைக் கேட்டேன். "சரி, எடுத்துடலாம்" என்றான். மாஸ்டரைப் பெரியமனது பண்ணி அடுத்த மாதத்துக்கு விட்டுக்கொடுத்தேன், தையல்காரர் பிழைத்துப்போகட்டும் என்றேன், சிரித்தார்கள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மடிக்கணினியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவருகே போனவன் திரும்பினேன். "மேடம், அந்த டம்ப் இருக்குல்ல... ஸ்லேவுக்காக எப்படியும் அதே ஃபைலத் திறக்கத்தான் போறோம். அதையும் சேத்து மாத்திட்டா ஒரு வேலை விட்டுது. 'திரை'ன்னு வச்சுக்கலாம்." மேடம் போனைப் பார்த்துக்கொண்டே "செஞ்சிடுங்க" என்றார். முடிந்தது. வக்கீல்கூடத் தலையாட்டினான்.

ஜெயித்தவனுக்கு உட்கார முடியவேண்டுமே. தண்ணீர் குடித்தேன், கழிவறை போனேன், மறுபடி தண்ணீர். மனைவிக்குச் செய்தி அனுப்பலாமா, என்னவென்று, இன்று ஒரு சொல்லை ஒழித்தேன் என்றா, எப்படி ஒழித்தாய் என்று கேட்பாளே... இருக்கைக்கு வந்து வேலையைத் தொடங்கினேன். தேடு, மாற்று, தேடு, மாற்று. டம்ப் இருந்த இடமெல்லாம் திரை. கண்ணெதிரே அது செத்துக்கொண்டிருந்தது, சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கடைசியில் கணினி வழக்கமான கட்டத்தைத் திறந்து காட்டியது. எந்த மாற்றம் செய்தாலும் ஏன் செய்தாய் என்று ஒரு வரி எழுதியாக வேண்டும், நம் பெயரோடு அது நிரலிலேயே தங்கிவிடும், அதைப் படித்துச் சரிபார்த்து உள்ளே விடுகிறவர் தாடி, அதுவும் பட்டப்பெயர்தான். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், கூட்டத்தில் வாயே திறக்காதவர், இப்போது என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.

"காரணம் போடுய்யா. காலியா விட்டா ஏத்துக்காது."

"போடுறேன் சார்."

"அந்த டம்ப் மேல உனக்கென்ன அவ்வளவு அக்கறை?"

"அக்கறையா? எனக்கா? ஃபைலத் திறக்கிறோமேன்னுதான்..."

"யோவ்," என்று சிரித்தார், "லீவு வேணும்னாக்கூட ஊர்க்கதையெல்லாம் பேசிட்டு, கதவுப் பக்கம் போயித் திரும்பி நின்னுதான கேப்ப. உனக்கு வேணுங்கிறத நீ என்னைக்கு முதல்ல கேட்டிருக்க?"

சுரீரென்றது. கட்டத்தில் 'பெயர் ஒழுங்கு' என்று அடித்தேன். அழித்தேன். 'குழப்பம் தவிர்க்க' என்று அடித்தேன், அழித்தேன். தாடி பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார், அவருக்கு அவசரமில்லை. எனக்கு வேண்டியதை மறைத்தேன், அவ்வளவுதானே, வாங்க வந்தவன் ஆசையை மறைப்பது தொழில்தானே, அதில் என்ன தப்பு... ஆனால் அம்மா வாங்க மட்டுமா செய்தாள், விற்கவும் செய்தாளே. விற்கும்போது அவள் ஆசையையா மறைத்தாள்? உளுத்துப்போன கால் இருக்கிற பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பிவைப்பாள், பளபளப்பு வெளியே தெரிய, வந்தவர் அந்தப் பக்கம் போகாதபடி நடுவில் தான் நின்றுகொள்வாள். அப்படியானால் காலையில் அந்தக் கதவருகே நின்று நான் மறைத்தது எதை, எவ்வளவு வேண்டும் என்பதையா, அல்லது... சரியான வாலு, சரியான வாலு என்று இத்தனை நாளும் அவர்களுக்கு நான் காட்டிக்கொண்டிருந்தது அவளுடைய எந்தப் பக்கத்தை?

"என்னய்யா, ஒரு வரிதான?" என்றார் தாடி.

"ஒரு வரிதான் சார்," என்றேன், விரல்களை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு.