ஒன்றரை நொடி

விடிவதற்கு முன்பே அந்த மாடி அறை சூடேறிவிடும். செபுத் துறைமுகத்துக்குப் பின்தெரு. ஏழு கணினிகள், ஏழு பேர். பிறருடைய இணையதளங்களை வேகமாகத் திறக்க வைப்பதே எங்கள் வேலை. நான் படங்களின் கோப்பு அளவைக் குறைப்பேன். நாற்பது நொடிக்கு ஒரு படம். தாண்டினால் திரையில் என் பெயர் சிவக்கும்; மற்றவர்களுக்கும் நாற்பது நொடி கை நின்றால் அப்படித்தான். சூரியன் ஏறுவதற்குள் கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தும், விரல் மரத்துப்போகும்.

முதலாளி வில்பிரெடோ சாருக்கு எந்தப் பக்கமும் ஒன்றரை நொடியில் திறக்க வேண்டும். படகு நிறுவனத்தின் பக்கம் மூன்று நொடி எடுத்தது. பக்கத்தை நகலெடுத்து வைத்துக் காட்டினால் வேகம் கூடும். எங்கள் ஏழு பேரில் ஒருவரான எஸ்டெலா அக்கா அந்த நகலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துவந்தார்.

"ஒரு நாள் முழுக்க அதையே வை" என்றார் சார்.

"நடுவுல படகு நேரம் மாறினா, சார்?"

"மாறினா நீயே கையால அழிச்சு விடு."

செவ்வாய்க்கிழமை புயல். அதிகாலையில் படகுகளை நிறுத்திவிட்டார்கள். எஸ்டெலா அக்கா அப்போது வேறு இருபது தளங்களோடு மல்லாடிக்கொண்டிருந்தார். பழைய நகல் ஒன்றரை நொடியில் திறந்து, ஆறு மணிப் படகு உண்டு என்றது. இருநூறு பேர் மழையில் வந்து நின்றார்கள். நெரிசலில் கம்பித் தடுப்பு சரிந்து ஒரு கிழவரின் கால் முறிந்தது.

மறுநாள் விடியலில் சார் ஒரு தாளோடு வந்தார். 'தவறு என்னுடையது' என்று அச்சடித்திருந்தது.

"கையெழுத்துப் போடு, எஸ்டெலா. போட்டுட்டு வீட்டுக்குப் போ."

"இதுல போட்டா இந்த ஊர்ல வேற எவனும் வேலை தரமாட்டான், சார். ஒரு நாள் வைக்கச் சொன்னது நீங்கதானே?"

"அதை யாரு கேட்டா?"

ஏழு பேரும் கேட்டிருந்தோம். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பு கப்பலில் வேலை பார்த்த டோடோங் அண்ணன் அந்தத் தாளை இழுத்துத் திருப்பினார். "பின்பக்கம் சும்மா காலியாக் கிடக்கே, சார்." வட்டம் ஒன்று வரைந்து நடுவில் எழுதினார்: 'உத்தரவை நாங்கள் கேட்டோம்.'

"கப்பல்ல கேப்டன் மேல புகார்னா இப்படித்தான். சுத்திவர பேரு. எவன் முதல்ல போட்டான்னு அவனுக்குத் தெரியாது."

நால்வர் எழுதினார்கள். பேனா என்னிடம் வந்தது. என் பெயரைக் கோணலாக எழுதினேன்.

சார் தாளைக் கிழித்தார். "கீழ போய்ப் பாருங்க. வேலை கேட்டுப் பத்துப் பேரு நிக்கறான்."

அது பொய்யில்லை. ஜன்னல் வழியாக அவர்களின் குடைகள் தெரிந்தன. நாளைக்கு எங்களில் யார் இங்கே இருப்போம் என்று தெரியாது.

டோடோங் அண்ணன் இன்னொரு தாளில் வட்டம் போட்டார். யாரும் கேட்பதற்கு முன் நான் பேனாவை எடுத்தேன். எஸ்டெலா அக்கா தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

நாற்பது நொடி எப்போதோ கடந்திருந்தது. ஏழு திரைகளிலும் எங்கள் பெயர்கள் சிவந்திருந்தன.